ஈகைச் சுடர் மன்றத்து ஜீப் இடப்பக்கம் சாய்ந்த வரலாறு

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகளைச் சொல்லுகிறவர்கள் நெருப்பு, சக்கரம் என்று ஆரம்பிப்பார்கள். நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. சக்கரத்தைப் பற்றித் தெரியும். அதைக் கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய காரியம் அல்ல. நான்கு சக்கரமும் நன்றாக இருக்கும்போது ஒரு வண்டி ஏன் இடப்பக்கமே சாய்கிறது, ஏன் இடப்பக்கமே இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய காரியம். அதைச் செய்து முடித்தது திண்டுக்கல் 'ஈகைச் சுடர்' நற்பணி மன்றம். மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு இதை எழுதுகிறேன். அடக்கம்தான் எங்கள் மன்றத்தின் தாரக மந்திரம். அலுவலக வாசலில் எட்டடி போர்டில் அதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

எரியோட்டுக்கு அப்பால் தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து உள்ளே தள்ளி வெள்ளைக்கரடு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நடுவில் ஓர் ஓடை. ஓடை என்றதும் தண்ணீர் சலசலக்கும் என்று நினைக்க வேண்டாம். மழை பெய்தால் கொஞ்சம் ஓடும். மற்ற நாட்களில் பாறையும் மணலும் சகதியுமாக ஊருக்குக் குறுக்கே கிடக்கும். ஆம்புலன்ஸ் தார் ரோட்டு முனைவரை வந்து, ஓடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுகொள்ளும். நோயாளிதான் ஆம்புலன்சைத் தேடி வர வேண்டும்.

இந்த 'அவலத்தைத் துடைக்க' எங்கள் மன்றம் வாங்கியதுதான் அந்த ஜீப். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற முரட்டு ஜீப். கரடு, பள்ளம், சகதி எதையும் மதிக்காது. "ரோடே இல்லாத ஊருக்கு ரோடே வேண்டாத வண்டி" என்று எங்கள் தலைவர் ராயப்பராஜ் அண்ணன் முழங்கியபோது கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. அண்ணனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர்ஸ் கடை. இரும்பு விற்கிற கை, ஆனால் இளகிய மனசு.

முழு வண்டியையும் ஒருவரே கொடுத்துவிட்டால் மற்றவர்களின் புண்ணியம் என்னாவது? அதனால் பாகம் பாகமாகக் கொடை வாங்கினோம். சக்கரம் ஒருவர், சீட் ஒருவர், ஸ்டெப்னி ஒருவர். கொடுத்தவர் பெயர் அந்தந்தப் பாகத்தில் விளங்க வேண்டும் என்பது நம் பக்கத்து நாகரிகம். கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரைக் கறுப்பு மையில் பெரிதாக எழுதினால் வெளிச்சம் குறைகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். வெளிச்சம் எதற்கு? பெயரைப் படிக்கத்தானே! ஒரு மாதா கோயிலில் மின்விசிறி இறக்கையில் பெயர் எழுதி வைத்து, விசிறி சுற்றினால் பெயர் தெரியவில்லை என்பதால் சுற்றவிடாமலே வைத்திருக்கிறார்கள். அந்த விசிறியைக் கொடுத்தவரும் ராயப்பராஜ் அண்ணன்தான்.

ஜீப்பில் பெயின்டால் எழுதினால் மழையில் போய்விடும். தகரத்தில் எழுதினால் துருப்பிடிக்கும். ஆகவே கருங்கல்லில், பாலிஷ் போட்டு, தங்க எழுத்தில் செதுக்கி, இரும்புச் சட்டத்தில் வைத்து போல்ட் போட்டு முடுக்குவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. எந்தப் பக்கம் என்பதில் மட்டும் சிறு விவாதம் நடந்தது. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன. கடைத்தெருவில் நிற்பவர்கள், பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள், டீ குடிப்பவர்கள் எல்லாரும் பார்ப்பது வண்டியின் இடப்பக்கத்தைத்தான். வலப்பக்கத்தைப் பார்ப்பவன் எதிரே வருகிற லாரிக்காரன். அவனுக்குப் படிக்க நேரம் இருக்காது. அப்படியே படித்தாலும் அவன் வெளியூர். ஆகவே எல்லாக் கல்லும் இடப்பக்கமே ஏறின.

'இடது முன் சக்கரம் உபயம்: தலைவர் ம. ராயப்பராஜ், துணைவியார் ரோஸ்மேரி, மகன் ராபின், மகள் அனிஷா (மெல்போர்ன்)' என்ற கல்தான் இருப்பதில் பெரியது. 'வைப்பர் உபயம்: காலஞ்சென்ற சிவனம்மாள் நினைவாக, மகன் வீரன், பாத்திரக் கடை' என்பது எங்கள் பொருளாளருடையது. 'ஹாரன் உபயம்: இரா. ஆனந்த்ராஜ், செயலாளர்' என்பது அடியேன். ஹாரனைவிடக் கல் பல மடங்கு பெரிது என்று பொறாமைக்காரர்கள் சொல்லுவார்கள். ஹாரன் அடித்தால்தான் கேட்கும். கல் அடிக்காமலே பேசும்.

முன்கண்ணாடி நிறைய மன்றத்தின் பெயர். 'ஈ' என்ற எழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். ஓட்டுநர் சூசை அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்.

கொடியசைத்துத் தொடங்கி வைத்த அன்றே சூசை வந்து தலையைச் சொறிந்தார். "தலைவரே, வண்டி எடப்பக்கமாவே இழுக்குது."

"அது இழுத்தா நீ சோத்தாங்கைப் பக்கம் இழு."

"இழுத்துப் பாத்தேன். கைதான் வலிக்குது. சாஞ்சு வேற நிக்குதுல்ல, அங்கிட்டு உக்காந்தா இங்கிட்டு வழுக்கிக்கிட்டு வருது."

முதல் பயணத்திலேயே ஜீப் எரியோடு கடைத்தெருவில் ஒரு டீக்கடை பெஞ்சையும் ஒரு கரும்பு ஜூஸ் வண்டியையும் நலம் விசாரித்துவிட்டு, ஒரு பெட்டிக் கடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் காயம் இல்லை. கடைக்காரர் மட்டும் கல்லையெல்லாம் படித்துவிட்டு, எந்தெந்த வீட்டுக்கு வந்து சண்டை போட வேண்டும் என்று தெரிந்துகொண்டார். வெளிப்படைத்தன்மைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

'பொதுமக்களின் பாதுகாப்பு கருதி' ஜீப்பை மன்ற வாசலில் நிறுத்தினோம். ஆய்வுக்குழு அமைத்தோம். தலைவர், பொருளாளர் வீரன், நான், தொழில்நுட்ப ஆலோசகராக ஜெஸ்ஸி டீச்சர். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பின் சீட்டின் உறை அவர் உபயம்.

தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும், "கல்லு கனம்ப்பா, அதான் சாயுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் தோன்றுகிற காரணத்தை ஏற்றுக்கொள்வது அவசரக்காரர்களின் வேலை. நாங்கள் ஆழமாகப் போனோம்.

டயரில் காற்று சரியாக இருந்தது. ரோடு மழைத் தண்ணீர் வடிவதற்காக ஓரமாகச் சரிந்திருக்கிறது, அதனால் சாய்கிறது என்றார் வீரன். வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் நிறுத்திப் பார்த்தோம், மைதானத்தில் நிறுத்திப் பார்த்தோம், சாய்வு மாறவில்லை. ரோட்டை நிரபராதி என்று விடுவித்தோம். அடுத்து சூசையின் மேல் சந்தேகம் விழுந்தது.

"ஏப்பா சூசை, நீ எந்தக் கையில சாப்பிடுவ?" என்றார் தலைவர்.

"இது என்ன தலைவரே கேள்வி? சோத்தாங்கையிலதான்."

"எழுதுறது?"

"அது... பீச்சாங்கை."

குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "நான் ஏறாதப்பவும் சாஞ்சுதான தலைவரே நிக்குது?" என்று சூசை கேட்டார். அது 'பின்விளைவு' என்று விளக்கினோம். ஆனால் சூசையை இறக்கிவிட்டு வீரன் ஓட்டிப் பார்த்தபோது ஜீப் அதே டீக்கடையின் புதுப் பெஞ்சைத் தேடிப் போனதால் அந்த ஆய்வும் கைவிடப்பட்டது. பிறகு திருஷ்டி. ஊர்க் கண் பட்டிருக்கும் என்று ஒரு பெரிய பூசணிக்காயில் பூதமுகம் வரைந்து கட்டினோம். பார்க்கிறவர் கண்ணில் பட வேண்டுமே என்று இடப்பக்கத்திலேயே கட்டினோம். சாய்வு சற்றுக் கூடியது.

இப்படி ஆய்வு சூடு பிடித்திருந்த ஒரு மாலையில்தான் பேச்சாயி வந்தாள். வெள்ளைக்கரட்டுக்காரி, நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கூட்டத்துக்குள் அனுமதி இல்லை என்று சொல்வதற்குள் உள்ளே வந்து நின்றுவிட்டாள்.

"தலைவரய்யா, எந் தங்கச்சி மகேஸ்வரி மாசமா இருக்கா. இந்த மழைக்குள்ளயே பெத்துருவா போலருக்கு. வண்டி எப்ப வரும்?"

"ஆய்வு நடந்துக்கிட்டு இருக்கும்மா."

"போன தடவ கட்டில்ல வச்சுத் தூக்கியாந்தோம்யா. ஓடைக்குள்ள ஆளாளுக்கு வழுக்கி விழுந்து, ரோட்டுக்கு வாரதுக்குள்ள புள்ள போயிருச்சு. இந்தத் தடவயும் அப்படி ஆயிறக் கூடாதுய்யா. அவ தாங்க மாட்டா."

நான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. தலைவர் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். போன பிள்ளைக்கு மௌன அஞ்சலி செலுத்தினோம். அஞ்சலி முடிந்து உட்கார்ந்ததும் தலைவர் கனிவாகச் சொன்னார்: "அந்தத் துயரம் திரும்பி நடக்காம இருக்கத்தான்மா நாங்க இம்புட்டு ஆழமா ஆராயுறோம்."

"ஆழமெல்லாம் வேணாம்யா. ஓடை தாண்டுனாப் போதும்."

அவள் போன பிறகு குழு வேகமாகச் செயல்பட்டது. பேகம்பூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அப்துல் சுக்கூர் பாயை மறுநாளே வரவழைத்தோம். பாய் ஜீப்பைச் சுற்றிக்கூட வரவில்லை. இடப்பக்கமாகக் குனிந்தார், நிமிர்ந்தார்.

"ஸ்பிரிங் பட்டை அமுங்கிப் போச்சு. ஒரு பக்கம் அமுங்குனா வண்டி அந்தப் பக்கம்தான் சாயும், அந்தப் பக்கம்தான் இழுக்கும். கல்லுங்களக் கழட்டிருங்க, சரியாயிரும்."

நாங்கள் ஆளுக்கொருவராகப் போய் அவரவர் கல்லில் இருந்த தூசியைத் துடைத்தோம். உண்மையை நேருக்கு நேர் சந்திக்கும்போது பெரிய மனிதர்களுக்கு அப்படித்தான் ஆகும். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"விஞ்ஞானம் சொன்னாக் கேக்கணும். கழட்டிருவோம். யாரு கல்ல மொதல்ல கழட்டுறது?"

"ரொம்பக் கனமானத மொதல்ல கழட்டுறதுதான் விஞ்ஞானம்" என்றார் ஜெஸ்ஸி டீச்சர். எல்லாரும் தலைவரின் கல்லைப் பார்த்தோம்.

"கழட்டலாம். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா சக்கரம் இல்லாம வண்டி ஓடுமா? ஓடாது. வைப்பர் இல்லாம ஓடும்." இப்போது எல்லாரும் வீரனைப் பார்த்தோம்.

வீரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கம்மா கல்ல கழட்டச் சொல்றீங்களா? செத்தும் மழைக்கு ஊருக்கே கண்ணாடி தொடச்சுக்கிட்டு இருக்கு எங்கம்மா! அதக் கழட்டிப்புட்டு, அடிக்காத ஹாரனுக்கு அம்புட்டுப் பெரிய கல்லா?"

ஹாரன் அடிக்காததற்குக் காரணம் வயர் கோளாறு என்று நான் விளக்கினேன். விளக்கத்தின் நடுவே பின் சீட்டு உறை எலி கடித்துக் கிடப்பதையும் குறிப்பிட நேர்ந்தது. டீச்சர் வெளிநடப்புச் செய்தார். குடையை மறந்துவிட்டதால் திரும்பி வந்தார். இப்படி ஒவ்வொருவரும் அடுத்தவர் கல்லைத் தியாகம் செய்ய மனப்பூர்வமாக முன்வந்தோம். எங்கள் மன்றத்தில் தியாக உணர்வுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

சுக்கூர் பாய் பொறுத்துப் பார்த்தார். "கல்லு இருக்கட்டும் அப்பு. நான் ஸ்பிரிங்குக்குக் கீழ முட்டு வச்சுத் தாரேன், ஃப்ரீ சர்வீஸ். ஒண்ணே ஒண்ணு. நம்ம ஒர்க்‌ஷாப் பேருல சின்னதா ஒரு இரும்பு போர்டு."

"எந்தப் பக்கம் பாய்?"

"எல்லாரும் பாக்குற பக்கம்தான்."

முட்டு வைத்ததில் வண்டி கொஞ்சம் எழுந்தது. போர்டு வைத்ததில் பழையபடி சாய்ந்தது.

இந்த இருளில் ஒளி காட்டியவர் ஜெஸ்ஸி டீச்சர். தராசில் ஒரு தட்டு தாழ்ந்தால் சரக்கைக் குறைக்க வேண்டும் என்று என்ன கட்டாயம், இன்னொரு தட்டில் சரக்கு ஏற்றலாமே என்றார். கேட்டதும் மெய்சிலிர்த்தோம். ஒரு கல்லும் இறங்க வேண்டாம். வலப்பக்கத்துக்குப் புதுக் கொடையாளர்கள்! அன்றே அறிவிப்புக் கொடுத்தோம்.

ஆனால் வலப்பக்கம் மட்டமான பக்கம் என்பது ஊருக்கே தெரியும். "லாரிக்காரன் பாக்குறதுக்கா நான் கல்லு வைக்கணும்?" என்று எல்லாரும் பின்வாங்கினார்கள். ஈடாக, வலப்பக்கக் கல் இன்னும் அகலமாக இருக்கலாம், கொடையாளர் முகத்தையும் செதுக்கிக்கொள்ளலாம் என்று சலுகை தந்தோம். சேவுகம்பட்டி வெற்றிலை வியாபாரி ஒருவர் மார்பு வரைக்கும் செதுக்கினார். ஜீப் வலப்பக்கம் சாய்ந்தது. உடனே இடப்பக்கம் இரண்டு கல் ஏற்றினோம். பிறகு வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். இடையில் பேச்சாயி மறுபடி வந்தாள். "நாளு நெருங்கிருச்சுய்யா" என்றாள். "நாங்களும் நெருங்கிட்டோம்மா" என்றார் தலைவர்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. ஜெஸ்ஸி டீச்சர் ரசமட்டத்தை பானட்டின் மேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் போய் நின்றது. ஜீப் சாயவில்லை. எங்கும் இழுக்கவில்லை. தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் நடுவே ஒரு தேங்காய் போகாது, அவ்வளவுதான். "இதுக்கு மேல எப்பிடிச் சாயும்?" என்று சூசை முனகியதை நாங்கள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

'ஊர்தி நிமிர்வுப் பெருவிழா'வை வெள்ளைக்கரட்டுக்குப் போகிற தார் ரோட்டு முனையிலேயே வைத்தோம். பந்தல், மைக் செட், வாழை மரம். ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்தது. ஆம்புலன்ஸ் ஒன்றையும் அழகுக்காக ஓரமாக வந்து நிற்கச் சொல்லியிருந்தோம். கொடையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தபோது ஓடைப் பக்கமிருந்து பேச்சாயி ஓடி வந்தாள். முழங்கால்வரை சகதி.

"அய்யா, வலி எடுத்துருச்சு! வண்டிய விடுங்க!"

தலைவர் மைக்கை மூடிக்கொண்டு, "இன்னும் ரெண்டே பொன்னாடதான்மா, செத்த நேரம் பொறு" என்றார்.

"நான் பொறுப்பேன்யா. வலி பொறுக்காதே!"

ராயப்பராஜ் அண்ணன் நல்ல மனிதர். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்ததும் பொன்னாடையை வீசிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். மைக்கை வைக்கத்தான் மறந்துவிட்டார். நானும் வீரனும் சுக்கூர் பாயும் தொற்றிக்கொண்டோம். சூசை வண்டியை எடுத்தார். கோடு போட்டதுபோல் நேராகப் போயிற்று. பந்தலில் கைதட்டல் வானைப் பிளந்தது. நேராகப் போய், நேராக ஓடைக்குள் இறங்கி, நட்டநடுவில் ஒரு பாறை மேல் வயிற்றை வைத்து நேராக உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரமும் சகதியில் சும்மா சுற்றின. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஜீப் ஒரு பக்கமும் சாயவில்லை.

அக்கரையில் நின்ற ஊர்க்காரர்கள் இறங்கி வந்து தள்ளினார்கள். அசையவில்லை. அக்கரை வீட்டிலிருந்து மகேஸ்வரியின் சத்தம் கேட்டது. பேச்சாயி ஜீப்பை ஒரு முறை பார்த்தாள்.

"பாய், திருப்புளி, ஸ்பேனரு எதாச்சும் இருக்கா?"

சுக்கூர் பாய் பையை நீட்டினார். "இந்தாம்மா. எம் போர்ட மட்டும் பாத்துக் கழட்டு, பெயின்டு போயிரும்."

நான் குறுக்கே போய் நின்றேன். "கல்லைக் கழட்டணும்னா மன்றத் தீர்மானம் வேணும். தீர்மானத்துக்கு மூணுல ரெண்டு பங்கு..."

"சார், செத்தத் தள்ளி நில்லுங்க." போல்ட் ஒவ்வொன்றாக விழுந்தது. "இது யாரு கல்லு?"

"என்னுது" என்றேன், கம்மிய குரலில்.

"நல்லா அகலமா இருக்கு. ஏலே, இத மொதச் சக்கரத்துக்குப் போடு!"

என் பொது வாழ்க்கையில் என் கொடையை ஒருவர் மனம் விட்டுப் பாராட்டியது அதுவே முதல் முறை. கல் சகதியில் சப்பென்று விழுந்தது.

அடுத்து சிவனம்மாள் கல். பேச்சாயி அதற்கு முன்னால் சற்றுத் தயங்கினாள், செத்தவர் பெயர் அல்லவா. வீரன் ஸ்பேனரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நானே கழட்டுறேன். எங்கம்மா உசுரோட இருந்திருந்தா இம்புட்டு நேரம் என்னயச் சும்மா விட்டிருக்காது" என்றார். கழற்றுகையில் மூக்கை உறிஞ்சினார். வெற்றிலை வியாபாரி மார்பளவோடு பின் சக்கரத்துக்குப் போனார். டீச்சரின் கல், பாயின் போர்டு, பூசணிக்காய் எல்லாம் இறங்கின. மிஞ்சியது தலைவரின் கல்.

தலைவர் அதைத் தடவிப் பார்த்தார். "எம் மக அனிஷா போட்டோ கேட்டுச்சு. ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போடுங்கப்பா."

எடுத்தோம். போட்டார்கள். ஜீப் ஒரு முழம் எழுந்தது. சூசை கியரைப் போட, ஊரே முதுகு கொடுத்துத் தள்ள, சக்கரங்கள் கல்லைக் கவ்வி ஏறின. முன்கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரை யாரோ வழியிலேயே பிய்த்து எறிந்தார்கள். திரும்பி வரும்போது பின் சீட்டில் மகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள், பேச்சாயி அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். கல் பாவிய வழியில் ஜீப் அலுங்காமல் வந்து தார் ரோடு ஏறியது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தியபோது பந்தலில் யாரும் கைதட்டவில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். செய்தி வந்ததும் நான் அழுதேன். வீரனும் அழுதார். அழுது முடித்ததும் மன்றத்தின் அவசரக் கூட்டம் கூடி, கற்களை மீட்பது என்று தீர்மானித்தது.

ஓரிரு வாரம் கழித்து ஆப்பிள், ஆரஞ்சு, போட்டோகிராபர் சகிதமாக வெள்ளைக்கரட்டுக்குப் போனோம். சுக்கூர் பாய் ஸ்பிரிங் பட்டையைப் புதிதாக மாற்றியிருந்தார். போர்டு கேட்டார், கிடைக்கவில்லை. ஓடைக்கு வந்ததும் சூசை வண்டியை நிறுத்தினார். எங்கள் கற்களையெல்லாம் ஊர்க்காரர்கள் ஓடைக்குக் குறுக்கே வரிசையாகப் பாவி, இண்டு இடுக்கில் ஜல்லி திணித்து, நல்ல பாதையாக ஆக்கியிருந்தார்கள். ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போனார். ஒரு ஆட்டு மந்தை கடந்தது. எந்தக் கல்லிலும் எழுத்து இல்லை.

தலைவர் பதறிவிட்டார். "எங்க போச்சு எம் பேரு?"

எதிர்கொண்டு வந்த பேச்சாயி சிரித்தாள். "இருக்குய்யா, கீழ இருக்கு. பாலிசு போட்ட பக்கம் வழுக்குது. அதான் கமுத்திப் போட்டோம். இப்ப ஆம்புலன்சே வீட்டு வாசல் வரைக்கும் வருது."

மீட்பது எப்படி என்று தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டு மந்தையைப் பார்த்தேன்.

வீட்டில் குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மகேஸ்வரி எங்களைப் பார்த்து எழப் போனாள். தலைவர் உட்காரச் சொன்னார். பழத்தைக் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். கல் போனாலும் பெயர் நிற்க ஒரு வழியை மன்றம் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பேரு வச்சாச்சாம்மா?"

"இன்னும் இல்லய்யா."

"மன்றம் சார்பா நாங்களே ஒரு பேரு கொண்டாந்திருக்கோம்."

கொடையாளர் யாரும் மனம் கோணாதபடி எல்லார் பெயரிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கோத்த பெயர் அது. அதைப் படிக்கும் கடமை செயலாளருக்கு. 'ராய ரோஸ் சிவ வீர ஜெஸ்ஸி' என்று ஆரம்பித்து, நடுவே ஒரு முறை மூச்சு வாங்கி, சேவுகம்பட்டி வழியாக வந்து, 'ஆனந்த ஈகைச்சுடர்' என்று முடித்தேன். குழந்தை விழித்துக்கொண்டது.

பேச்சாயி பொறுமையாக முழுவதையும் கேட்டாள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

"வேணாம்யா. அம்புட்டுப் பேரையும் இது மேல ஏத்துனா, புள்ள ஒரு பக்கமாச் சாஞ்சிரும்."

மகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தலைவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஆய்வுக்குழு அத்துடன் கலைக்கப்பட்டது. திரும்பி வருகையில் கல் பாதையிலும் தார் ரோட்டிலும் ஜீப் ஒரு நூல்கூடப் பிசகாமல் நேராகத்தான் வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த நாங்கள்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்திருந்தோம்.